நூலுக்கு நூலே காவல்

மேற்கு மலைக்கு இப்பக்கம் தென்காசி, அப்பக்கம் கொல்லம். இடையே ஆரியங்காவுக் கணவாய். செங்கோட்டை வழியே சென்றால் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவு. 1578ஆம் ஆண்டில் இம்மலையின் இரு மருங்கிலும் தமிழ் நூல்கள் உருவாகிக்கொண்டிருந்தன. இப்பக்கம், பிற்காலப் பாண்டியருள் புகழ்பெற்ற அதிவீரராமன் தென்காசியிலிருந்து ஆண்ட காலம். அரசனும் அவனே, புலவனும் அவனே. நைடதம் பாடினான், திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக உருப்போட்ட வெற்றிவேற்கையை யாத்தான். பிறப்பைவிடக் கல்வியை உயர்த்திப் பேசும் வரிகள் அச்சிறு நூலில் உண்டு என்பதை நம் தோழர்கள் மறத்தலாகாது. அவன் பாடியவை பனையோலையில் ஏறின. அப்பக்கம், கொல்லத்தில், அன்றிக் என்றிக்கசு என்னும் போர்ச்சுகீசியப் பாதிரியார் 'தம்பிரான் வணக்கம்' என்றொரு நூலை அச்சிட்டார். நாள், அக்டோபர் 20. பக்கம், 16. இந்திய எழுத்தொன்றில், இந்திய மண்ணில் அச்சாகி நமக்குக் கிடைத்திருக்கும் முதல் நூல் அதுவே. அதன் படி இன்று அமெரிக்காவில், ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

மலைப்பாதையில் மிளகு போயிற்று, பாக்கு வந்தது, படைகளும் போய் வந்தன. அச்சு மட்டும் மலை தாண்டவில்லை. 1586இல் புன்னைக்காயலில் 'அடியார் வரலாறு' அச்சானது. 1712இல் தரங்கம்பாடிக்கு அச்சுப்பொறி வந்தது. எல்லாம் பாதிரிமார் கையில். பின்னர்க் கும்பெனியார் கையில். நம்மவர் தடையின்றி அச்சகம் வைத்து நடத்தும் நிலை, 1835இல் மெட்காப் கொண்டுவந்த சட்டத்திற்குப் பிறகே ஏற்பட்டது. கணக்கிட்டுப் பாருங்கள், 257 ஆண்டுகள்! அத்தனை காலமும் தமிழனின் அறிவு ஓலைக்குள் இருந்தது. ஓலை கயிற்றுக்குள் இருந்தது. கயிறு சிலர் கைக்குள் இருந்தது.

பழைய கதை இப்போது எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் ஒரு தகரப் பெட்டி.

சென்ற சாரல் காலத்தில், தென்காசியில் எங்கள் படிப்பு வட்டத்துக்குப் பெரியவர் ஒருவர் அப்பெட்டியைக் கொடுத்தார். எண்பது வயதைக் கடந்தவர், தையற்கடை நடத்தியவர், இளமையில் கூட்டம் தவறாமல் சென்று, இரண்டணா, நாலணா கொடுத்துச் சிறு வெளியீடுகளை வாங்கிச் சேர்த்தவர். கடையை மூடியபோது கத்தரிக்கோலையும் அளவு நாடாவையும் கொடுத்துவிட்டார், பெட்டியைக் கொடுக்கவில்லை. நாங்கள் ஆவலோடு திறந்தோம். உள்ளே தாள் இருந்தது, வெளியீடு இல்லை. தாள்களைப் பிடித்திருந்த கம்பிப் பின்கள் துருவேறிப் பழுப்புப் பொடியாகிக் கிடந்தன. பின் இருந்த இடமெல்லாம் தீய்ந்தது போல் ஓட்டை. நடுத்தாள்கள் கழன்று ஒன்றோடொன்று கலந்திருந்தன. இரண்டு நாள் உட்கார்ந்து, பக்க எண்ணைப் பார்த்துப் பார்த்து அடுக்கினோம். எட்டு வெளியீடுகள் தேறின. அவற்றுள் ஒன்று பெண்கல்வி பற்றிய சொற்பொழிவு. பேசியவர் தம்மைப் பெண் என்று குறிப்பிட்டே பேசுகிறார். ஆனால் அவர் யார்? அட்டையும் இல்லை, அட்டையோடு சேர்ந்த முதல் தாளும் கடைசித் தாளும் இல்லை. நாலணாக் கம்பி ஒன்று துருப்பிடித்ததால் ஒரு பெண்ணின் பெயர் போயிற்று.

எட்டையும் மறுபதிப்பாகக் கொண்டுவருவது என்று முடிவு செய்தோம். எப்படிக் கட்டுவது என்பதில்தான் வட்டம் இரண்டாயிற்று. அட்டைப் படத்துக்கும் எழுத்துருவுக்கும் வராத சண்டை கட்டுக்கு வந்தது. கட்டு என்பது அச்சகத்தான் பாடு, நமக்கென்ன என்று நானும் ஒருகாலத்தில் எண்ணியவன்தான். வரலாற்றைப் புரட்டியபின் அந்த எண்ணம் போய்விட்டது.

ஓலைச் சுவடியின் கட்டு எளியது. ஒரே அளவாக நறுக்கிய ஓலைகளில் இரண்டு துளை. ஒன்றில் கயிறு, மற்றதில் ஓர் ஆணி. குச்சியாக இருந்தால் அதற்குச் சுள்ளாணி என்று பெயர். பித்தளை அல்லது இரும்பாக இருந்தால் நாராசம். கயிற்றின் நுனியில் ஓலைத் துண்டைக் கிளியின் அலகு போல் நறுக்கிக் கோத்திருப்பார்கள், அது கிளிமூக்கு. மேலும் கீழும் சட்டம். கயிற்றைச் சுற்றிக் கிளிமூக்கைச் செருகினால் வேலை முடிந்தது. அவிழ்க்கலாம், படிக்கலாம், மீண்டும் கட்டலாம். ஓர் ஓலை முறிந்தால் அந்த ஓலையை மட்டும் எழுதிச் சேர்க்கலாம். நல்ல கட்டுத்தான், குறை சொல்வதற்கில்லை. குறை வேறு இடத்தில் இருந்தது. ஒரு சுவடியை எழுதி முடிக்க நாள் கணக்கில், மாதக் கணக்கில் ஆகும். எனவே ஊருக்கொரு படியும் இல்லை. இருந்த படியும் யார் வீட்டுப் பரணில், எந்த மடத்தின் பெட்டியில், எந்தக் கோயிலின் அறையில் இருந்ததோ, அவர்கள் அவிழ்த்தால்தான் உண்டு.

அவிழ்க்காதவர்கள் என்ன செய்தார்கள்? தொலைவில் போகவேண்டாம். சங்கரன்கோயிலுக்கு அருகே கரிவலம்வந்தநல்லூர், இன்று நம் தென்காசி மாவட்டத்து ஊர். அதிவீரராமனின் உறவினனான வரதுங்கராம பாண்டியன் இருந்து ஆண்ட இடம். அவனும் புலவன், ஏடுகளைத் தொகுத்து வைத்திருந்தவன். அவனுக்குப் பின் அவை கோயிலைச் சேர்ந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஏடு தேடி அலைந்த உ.வே.சாமிநாதையர் அங்கே சென்று கேட்டார். குப்பையாய்க் கிடந்த பழைய ஓலைகளை ஆகம முறைப்படி நெய்யில் தோய்த்து ஓமத்தில் இட்டுவிட்டதாகக் கோயிலைச் சார்ந்தவர் விடை கூறினாராம். இதைச் சொல்பவர் நம் மேடைப் பேச்சாளர் அல்லர், தோழர்களே! சாமிநாதையர் வைதிக ஒழுக்கத்தில் நின்றவர். சைவ மடத்தில் பயின்றவர். அவரே நெஞ்சு நொந்து எழுதிவைத்த செய்தி இது. ஆடிப் பதினெட்டாம் பெருக்கில் பழஞ்சுவடிகளை ஆற்றில் விட்ட கதையையும் அவரே பதிந்திருக்கிறார். நெருப்புக்கு ஒரு பங்கு, நீருக்கு ஒரு பங்கு. மீந்ததற்கு ஒரு பூச்சி. ஏட்டைத் துளைத்துத் தின்னும் அப்பூச்சிக்கு நம் முன்னோர் இட்ட பெயர் இராமபாணம்! பெயர் வைத்தவர் நையாண்டியாக வைத்தாரோ, பக்தியோடு வைத்தாரோ! நம்மைச் சேர்ந்தவர் எவரும் வைக்கவில்லை என்று மட்டும் உறுதியாகச் சொல்லுவேன்.

நெருப்பின் முன் எந்தக் கட்டும் நிற்காது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. தோற்கட்டு, துணிக்கட்டு, ஓலைக்கட்டு என்று தீ பார்க்கவில்லை. அங்கே எரிந்த அச்சு நூல்களில் பலவற்றுக்கு வேறு ஊர்களில் படிகள் இருந்தன. எரிந்த ஓலைச் சுவடிக்கும் கையெழுத்துப் படிக்கும் அந்த வாய்ப்பு இல்லை. ஆயிரம் படி இருப்பதே ஒரு காப்பு. அச்சு நமக்குத் தந்த முதற்கொடை இதுவே.

ஆயிரம் படி அச்சிட்டால் ஆயிரத்தையும் கட்டவேண்டுமே! அங்கே புதிய கணக்குப் பிறந்தது. பெரிய தாளின் இரு பக்கமும் அச்சிட்டு, மும்முறை மடித்தால் 16 பக்கம் வரும். அச்சகத்தார் அதைப் பாரம் என்பர். தம்பிரான் வணக்கத்தின் 16 பக்கம் இன்றைய கணக்கில் ஒரே பாரம். பாரம் பாரமாக அடுக்கி, ஒவ்வொன்றின் மடிப்பு முதுகிலும் ஊசி விட்டு, நூலால் ஒன்றோடொன்று பிணைத்துத் தைத்து, முதுகில் பசையும் துணியும் ஒட்டி, அட்டை கட்டுவது பழைய முறை. எந்தத் தாளும் தனித்து நிற்பதில்லை. மடிப்புக்கு மறுபுறம் இருக்கும் தன் இணைத்தாளோடு சேர்ந்து நூலைப் பற்றிக்கொள்கிறது. நாற்பது ஆண்டு கழித்து அட்டை கிழிந்தாலும், தையலைப் பிரித்து, புதிதாய்த் தைத்து, புது அட்டை போடலாம். மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்து காய்ச்சினால் பூச்சியும் அண்டாது. 1920இல் திருநெல்வேலியை முதலாகக் கொண்டு எழுந்த சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தின் கெட்டி அட்டை நூல்கள் பல வீடுகளில் இன்னும் பிரிக்கத்தக்க நிலையில் இருப்பதற்குத் தையலே காரணம்.

ஆனால் தையலுக்குக் கூலி உண்டு, காலிகோவுக்கு விலை உண்டு. பழைய நூல் விளம்பரங்களைப் பாருங்கள்: சாதாக் கட்டுக்கு ஒரு விலை, காலிகோக் கட்டுக்கு ஒரு விலை. கூலிக்குப் போகிறவனும் கடைச் சிப்பந்தியும் எதை வாங்குவார்கள்? 1950களில் மர்ரே ராஜம் பழந்தமிழ் நூல்களைச் சந்தி பிரித்து ஒரு ரூபாய் விலையில் தந்தபோது மக்கள் வாங்கினார்கள் அல்லவா? 1935இல் இங்கிலாந்தில் பெங்குவின் நிறுவனம் ஆறு பென்சுக்கு நூல் விற்றபோதும் இதுதான் நடந்தது. விலைதான் வாசல்.

நம் முன்னோடிகள் அந்த வாசலை இன்னும் அகலத் திறந்தார்கள். 1925 மே 2இல் ஈரோட்டில் 'குடி அரசு' தொடங்கியது. அதன் வழியே சிறு வெளியீடுகள் கிளம்பின. ஒன்றிரண்டு பாரம், மடிப்பின் நடுவே இரண்டு கம்பிப் பின், மெல்லிய அட்டை. சட்டைப் பையில் வைக்கலாம். வேட்டி மடிப்பில் செருகலாம். தேநீர்க் கடையில் ஒருவர் உரக்கப் படிக்க, முடிதிருத்தும் நிலையத்தில் முறைக்குக் காத்திருப்பவர் கேட்க, எழுத்தறியாதவனுக்கும் செய்தி போயிற்று. பகத்சிங்கின் நூலை ஜீவானந்தம் 'நான் நாத்திகன் ஏன்?' என்று 1930களில் தமிழாக்கியபோது, மொழிபெயர்த்தவரையும் வெளியிட்டவரையும் அரசு கைது செய்தது. ஆளைச் சிறையில் வைக்கலாம். மடிப்பிலும் பையிலும் ஊர் ஊராய்ப் போய்விட்ட சிறு நூலை எப்படிச் சிறைப்பிடிப்பது? காலிகோக் கட்டுப் போட்டிருந்தால் அது அவ்வளவு தூரம் நடந்திருக்குமா? எனவே பின் அடித்தவர்களைக் குறை கூற எனக்கு வாய் வரவில்லை. அன்றைக்கு அதுவே சரியான கட்டு.

அன்றைக்குச் சரி. மறுநாளைக்கு? அதை யாரும் எண்ணவில்லை. எங்கள் வட்டாரத்தில் ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதமும் கணவாய் வழியே காற்றும் சாரலும் வீசும். குற்றாலத்தில் அருவி விழுந்தால் வெளியூரார்க்குக் கொண்டாட்டம். அலமாரியில் இருக்கும் நூலுக்குத் திண்டாட்டம். தாள் ஈரத்தைக் குடிக்கிறது. இரும்பு அந்த ஈரத்தை வாங்கித் துருவாகிறது. துரு தாளைத் தின்கிறது. கம்பனைப் பதிப்பித்த டி.கே.சி. குற்றாலத்தில்தான் வாழ்ந்து 1954இல் மறைந்தார். கம்பனை எதிர்த்து அண்ணா எழுதிய 'கம்பரச'மும் இதே வட்டாரத்து வீடுகளில் இருந்தது. இரண்டும் ஒரே அலமாரியில் இருந்தால் சாரல் கட்சி பார்ப்பதில்லை. எது தைத்தது, எது பின் அடித்தது என்றுதான் பார்க்கும்.

1954இல் வந்த சட்டம், வெளியாகும் ஒவ்வொரு நூலையும் கல்கத்தா தேசிய நூலகம், சென்னைக் கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்கு அனுப்பச் சொல்கிறது. கூட்ட மேடைக்குப் பக்கத்தில் விரித்த துணியில் விற்ற வெளியீட்டை யார் கன்னிமாராவுக்கு அனுப்பியிருப்பார்? அத்தகையவற்றைத் தேடிக் காத்தவர்கள் தனி மனிதர்கள். கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா, நூல்களோடு துண்டறிக்கை, அழைப்பிதழ் வரை சேர்த்துவைத்தார். அத்தொகுப்பே 1994 முதல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. தென்காசிப் பெரியவரின் பெட்டியும் அந்த இனத்தைச் சேர்ந்ததே, அளவுதான் சிறிது.

இனி எங்கள் சண்டைக்கு வருகிறேன். வட்டத்தில் பாதிப்பேர் பசைக் கட்டு வேண்டும் என்றனர். அச்சகங்களில் 'பெர்ஃபெக்ட் பைண்டிங்' என்கிறார்கள். நிறைவான கட்டு என்று பொருள். இராமபாணத்துக்கு அடுத்தபடியாகத் துணிச்சலான பெயர்! பாரங்களை அடுக்கி, முதுகை இரண்டு மூன்று மில்லிமீட்டர் அறுத்து, உருக்கிய பசையைச் சூடாகத் தடவி அட்டையை ஒட்டுகிறார்கள். பார்க்க அழகு, முதுகு தட்டையாக இருப்பதால் பெயரும் அச்சிடலாம், விலையும் குறைவு, வேலையும் விரைவு. ஆனால் மடிப்பு எங்கே? அதைத்தான் அறுத்தாயிற்றே! இணைத்தாள் இல்லை, ஒவ்வொரு தாளும் தனியாள். பசை ஒன்றே துணை. பசை உலர்ந்து வெடித்தால் தாள் தாளாய் உதிரும். புதிதாய்க் கட்டலாம் என்றால் மீண்டும் முதுகை அறுக்கவேண்டும்; ஒவ்வொரு முறையும் உள் ஓரம் குறையும்.

இது புதுமையும் அன்று. 1836இலேயே இலண்டனில் வில்லியம் ஆன்காக் என்பவர் முதுகை அறுத்து இரப்பர்க் கரைசலால் ஒட்டும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். விலையுயர்ந்த படநூல்களுக்கெல்லாம் அதைப் பயன்படுத்தினர். சில பத்தாண்டுகளில் இரப்பர் மக்கி, நூல்கள் சீட்டுக்கட்டாயின. இன்றைய பசை அதனினும் மேலானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பி.யு.ஆர். என்னும் பசைவகை உறுதியாகப் பிடிக்கிறது. விலை அதிகம், அதற்குரிய பொறியும் எல்லா இடத்திலும் இல்லை. சாதாரணச் சூட்டுப் பசைதான் நம் கைக்கு எட்டுவது. போன ஆண்டு நான் வகுப்பில் பிள்ளைகளுக்கென்று வாங்கிய ஒரு கட்டுரைத் தொகுதி, நாற்பது கைகள் பட்டதும் மாசி மாதத்துக்குள் மூன்று துண்டாயிற்று. வெளியிட்டவர் பெயர் வேண்டாம்; நல்ல நூல்களை வெளியிடுபவர்தான்.

மற்றொரு பாதி, பக்கவாட்டில் பின் அடிக்கலாம் என்றது. உறுதிதான், ஆனால் நூல் விரியாது. விரியாத நூலைப் படிப்பவன் இரு கையாலும் அழுத்துவான். அழுத்தினால் முதுகு ஒடியும். நடுமடிப்பில் பின் அடிப்பதற்கோ 176 பக்கம் தாங்காது. தடிமன் ஏற ஏற உள்தாள்கள் வெளியே பிதுங்கும்.

சிவகாசி அச்சகம் ஒன்றில் வேலை செய்யும் நண்பர் ஒருவர் அன்று வந்திருந்தார். நாங்கள் கத்துவதைச் சிறிது நேரம் கேட்டுவிட்டு, "எட்டும் எத்தனை எத்தனை பக்கம்?" என்றார். ஐந்து வெளியீடுகள் 16 பக்கம், மூன்று 32. "பிறகென்ன? எல்லாம் முழுப் பாரம். ஒரே தடவை அச்சடியுங்கள். பாதியைத் தனித்தனியா அட்டை போட்டுப் பின் அடிச்சுக் கூட்டத்துல வில்லுங்க. மீதியைச் சேர்த்துத் தைச்சு நூலகத்துக்குக் கொடுங்க," என்றார். 32 பக்கத்துக்கு இரு பாரத்தை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகினால், பின்னும் அடிக்கலாம், தைக்கவும் செய்யலாம். இரண்டு மணி நேரச் சண்டை இரண்டு நிமிடத்தில் தீர்ந்தது. பட்டதாரிகள் ஒன்பது பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் இன்னும் இரண்டு சொன்னார். ஒன்று, தாளின் இழையோட்டம் முதுகுக்கு இணையாக ஓடவேண்டும். குறுக்கே ஓடினால் ஈரத்தில் முதுகு நெளியும். ஒரு துண்டுத் தாளை ஒருபுறம் நனைத்தால் இழை ஓடும் திசையை அச்சாகக் கொண்டு சுருளும், அதுவே சோதனை. மற்றொன்று, பின்னுக்குத் துத்தநாகம் பூசிய கம்பி கேட்டு வாங்கவேண்டும். தாள் மடிப்பதும் பாரம் சேர்ப்பதும் பெரும்பாலும் பெண்கள் கைவேலை என்றும், தையல் கேட்டால் அவர்களுக்குக் கூடுதல் நாள் வேலை உண்டு என்றும் சொன்னார். காலிகோ முதுகோடு நூறு படி தைப்பது என்று அன்றே தீர்மானித்தோம்.

பழைய தாள்களை என்ன செய்வது? துருப்பிடித்த பின்னை இழுக்கக்கூடாது. இழுத்தால் தாளும் வரும். பின்புறம் வளைந்த இரு கால்களையும் மெல்ல நிமிர்த்தி, முன்புறமாகத் தூக்கி எடுக்கவேண்டும். செல்லோடேப் ஒட்டவே கூடாது. சில ஆண்டில் பழுத்து, பசை கசிந்து, எழுத்தையும் கெடுக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து என் மாணவர் நால்வர் இவ்வேலையைச் செய்தனர். பின் இருந்த துளையிலேயே ஊசி நுழைகிறது. புதுத் துளை வேண்டியதில்லை. பெரியவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, நூலுக்கு மெழுகு பூசி, முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்தார். "அப்பவே நாலு தையல் போட்டு வச்சிருக்கலாம் தம்பி. ஊரெல்லாம் தச்சுக் கொடுத்தேன். இதுக்குத் தோணல," என்றார்.

ஏழு வெளியீடுகள் அச்சுக்குப் போயிருக்கின்றன. எட்டாவது நிற்கிறது. 16 பக்கச் சிறு நூல், பெண்கல்வி பற்றியது, 3 முதல் 14 வரையிலான பக்கங்கள் எங்களிடம் உள்ளன. சங்கரன்கோயில், கடையநல்லூர், செங்கோட்டை, ஆலங்குளம் வட்டாரத் தோழர்கள் தம் வீட்டுப் பரணையும் பெட்டியையும் ஒருமுறை திறந்து பார்க்கவேண்டும். அட்டை இருந்தால் பேசியவர் பெயரைப் படியெடுத்து அனுப்புங்கள். பின்னை மட்டும் நீங்கள் இழுக்கவேண்டாம்.